ஆறாவது எபிசோட்

வினாத்தாள்களைக் கொடுத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் மட்டுவார்குழலி ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாள். பள்ளி வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலை முழுசாகத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நின்றது. ஒன்றேகாலுக்கு வருகிறேன் என்றுதானே சொன்னான், பத்தேகாலுக்கே வந்து நிற்கிறான். நிற்கட்டும். மூன்று மணி நேரம் வெயிலில் காயட்டும். நிழலில் அல்லவா நிற்கிறான். நிழல் நகரும், பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தின் நிழல் மரத்துக்கே போதாது, அப்போது காயட்டும். காலையில் போனை அணைத்துத் தலைமையாசிரியர் அறைப் பெட்டியில் போடுவதற்கு முன் தம்பியின் செய்தியைப் படித்திருந்தாள். "அக்கா, பரீட்சை முடிஞ்சதும் கேட்ல இருப்பேன். ஒரே ஒரு கையெழுத்துதான்." ஒரே ஒரு. என்னமோ பக்கத்து வீட்டில் ஒரு கை சர்க்கரை கேட்கிற மாதிரி. சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பித் திருச்சிக்கு வந்திருக்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாதா? அவன் எழுதி இயக்கிய தொடர் அது, 'நடுக்கூடம்', எட்டு எபிசோடும் ஒரே நாளில் வெளிவந்து மூன்று வாரமாகிறது, ஊரே பார்க்கிறது. ஏதோ ஒரு பேட்டியில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "இது எங்க வீட்டுல நடந்த கதைதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். இப்போது அந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. குடும்பத்தில் உள்ளவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாவது சீசன். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இவள்தான். தாயுமானவன் என்று அப்பா வைத்த பெயரை வெட்டி 'மானவன்' என்று திரையில் போட்டுக்கொள்கிறான். பெயரிலிருந்து தாயை எடுத்தாயிற்று, கதையில் தகப்பனைக் கொன்றாயிற்று, அக்காவை மட்டும் விட்டுவைப்பானா?

"மேம், முதல் பக்கத்துல சைன்" என்று முன் பெஞ்சுப் பெண் தாளை நகர்த்தினாள். குழலி போட்டாள். இருபது பெண்களுக்கும் இருபது கையெழுத்து, பதிவெண்ணைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, புகைப்படத்தைப் பார்த்து. எந்தத் தயக்கமும் இல்லாமல் கை ஓடியது. நாலாவது வரிசையில் ஒருத்தி அவளை அரை விநாடி கூடுதலாகப் பார்த்தாள். பார்த்திருப்பாளோ? எத்தனையாவது எபிசோடில் இருக்கிறாள்? இந்த மூன்று வாரமாக யாரைப் பார்த்தாலும் குழலிக்கு இந்தக் கணக்குதான் ஓடுகிறது. பால்காரர் பார்க்கமாட்டார். எதிர்வீட்டு மாடியில் இருப்பவர்கள் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள், மெதுவாகப் போகிறதாம். ஆசிரியர் அறையில் ஜெசிந்தா டீச்சர், "நான் நாலாவதுல இருக்கேன், யாரும் கதையச் சொல்லிடாதீங்க" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னபோது குழலி தன் டப்பாவை மூடினாள். நாலு. இன்னும் இரண்டு பாக்கி. அடுத்த நாள் ஜெசிந்தா சாதாரணமாகப் பேசினாள், அதற்கு அடுத்த நாளும் பேசினாள், வெள்ளிக்கிழமை ஊறுகாய் கேட்கவில்லை. தினமும் கேட்பவள் கேட்கவில்லை. அவ்வளவுதான், ஆறு முடிந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படியா? ஏழரை மணி என்றால் ஏழரை மணிக்குத் தெரு முழுக்க ஒரே குரல் கேட்கும், நடந்து போனால் ஒரு வசனம் விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டே கடைசி வீடு வரை போகலாம். ஒருத்தி மானம் போனால் எல்லோர் முன்னாலும் ஒரே நேரத்தில் போகும், மறுநாள் காலையில் குழாயடியில் பேசித் தீர்த்துவிடுவார்கள், திங்கட்கிழமை வேறு ஒருத்தி அழுவாள். இப்போது ஒவ்வொருவரும் போர்வைக்குள், பஸ்ஸில், கக்கூஸில், தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அவமானம் கொசுக்கடிக் காய்ச்சல் மாதிரி வீடு வீடாக, ஆள் ஆளாக, அவரவர் சௌகரியத்துக்கு வருகிறது. இன்று யார் முகத்தில் வரும் என்று தெரியாது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து யாரோ ஒருத்தி மழைக்காலத்தில் பொழுது போகாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்கு முடிவே கிடையாது.

ஆறாவது எபிசோடில் பக்கவாதத்தில் ஏழு மாதமாகப் படுத்திருக்கும் ரிட்டையர்டு ரயில்வே ஃபிட்டர் ஒருவர் உள்ளறையில் கிடக்கிறார். கூடத்தில் அவர் மகள் தனியாக உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். அவர் கூப்பிடுகிறார். வாய் கோணிப்போன குரல். மகள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். மகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறாள். அவள் கட்டைவிரலை அவ்வளவு பக்கத்தில் காட்டுகிறார்கள், நகச்சாயம் உதிர்ந்த கட்டைவிரல். குழலி ஜென்மத்தில் நகச்சாயம் பூசியதில்லை. பூசியதில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? பதினாறு வருஷத்துக்கு முன்னால் பொன்மலையில் அவர்கள் வீட்டில், சிங்காரம் என்கிற அவள் அப்பா உள்ளறையில் சளி அடைத்து மூச்சு முட்டிப் போனபோது மணி ஏழே முக்கால். அன்று அவள் பார்த்துவந்த சீரியலில் கதாநாயகி சுபத்ரா கோர்ட்டில் தன் பிள்ளை உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்ளப் போகிறாள் என்று ஐந்து மாதமாக இழுத்திருந்தார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடம், விடியலிலும் மாலையிலும் அப்பாவுக்குத் துடைத்து, புரட்டி, ஊட்டி, குழாயில் பிடித்துக் கொட்டி, அந்த அரைமணி நேரம் ஒன்றுதான் அவளுடையது. இன்றைக்குப் போல நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா? விரலால் தொட்டால் சுபத்ரா வாயைத் திறந்தபடி நிற்பாள், போய் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தட்டிவிட்டு வந்து மறுபடி தொட்டால் மிச்சத்தை அழுவாள். இந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால்? இருந்திருந்தால் எழுந்திருப்பாளா? எழுந்திருப்பாள். அப்பாவின் குரல் கேட்டிருந்தால் நிச்சயம் எழுந்திருப்பாள். கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ராஜம் அக்கா மாவாட்டிக்கொண்டிருந்தாள், கிரைண்டர் சத்தத்தில் டிவி கேட்கவில்லை, அதனால்தான் சத்தத்தைக் கூட்டினாள். இதைத்தான் பதினாறு வருஷமாக மனதுக்குள் சொல்லி வந்திருக்கிறாள். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. ராஜம் அக்கா வெள்ளிக்கிழமை மாவாட்டுவாளா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மலைக்கோயிலுக்கு அல்லவா போவாள், அம்மாவும் அவளோடுதானே அன்று போயிருந்தாள். அப்படியானால் கிரைண்டரைப் போட்டது யார்? அவள் மருமகளோ? மருமகள் வந்தது அதற்கு அடுத்த வருஷம். வேறு யாராவது போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம்.

"மேம், அடிஷனல் ஷீட்." கொடுத்தாள். அதில் எண் எழுதினாள். வெளியே அவன் காரிலிருந்து இறங்கி நுங்குக்காரனிடம் நின்றான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நுங்கைத் தின்றான். தின்னட்டும், அடைக்கட்டும். சீ. ஏன் சீ? மூன்று வாரமாக அவள் அவனை என்னவெல்லாம் செய்துவிட்டாள். படிவத்தை அவன் முகத்துக்கு நேராக நாலாகக் கிழித்துப் போட்டாள். பெரிய ஹோட்டலில் அவனுக்கு மாலை போடும்போது கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, "நான்தான் அந்த அக்கா" என்றாள், எல்லா கேமராவும் அவள் பக்கம் திரும்பியது, அவன் மாலையோடு நின்றான். அவன் மாமனார் வீட்டுக்குப் போய் நடு வீட்டில் உட்கார்ந்தாள். நிஜத்தில் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆப்பில் கட்டைவிரலைக் கீழே காட்டும் குறியை ஆத்திரத்தோடு அழுத்தினாள். அது நன்றி என்றது, இதே போல் வேறு தொடர்கள் வேண்டுமா என்று கேட்டது. அவள் அழுத்தியது யாருக்கும் தெரியாது. அவன் அழுத்தியது உலகத்துக்கே தெரிகிறது. அவனும் ஒரு நாள் விழுவான். எல்லோரும் ஒரு நாள் விழுகிறவர்கள்தான். வலது கையும் காலும் வராமல், வளசரவாக்கத்து வீட்டில் அந்த ஏசி அறையில் கிடப்பான், கூப்பிடுவான், அவன் பெண் பக்கத்து அறையில் காதில் மாட்டிக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். சத்தத்தைக் கூட்டக்கூட வேண்டாம் அவளுக்கு. காதில் மாட்டியிருப்பவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது. குழந்தைக்கு எட்டு வயது, 'அத்தை' என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள், அவளை இதில் இழுத்திருக்க வேண்டாம். ஆனால் இழுத்துவிட்டாள், இனி அழிக்க முடியாது, அவனுக்கும் இப்படித்தான் ஒரு காட்சி வந்திருக்கும், வந்ததும் எழுதியிருப்பான். சுவரோரமாக நடந்தாள். இருபது பேனாக்கள் தாளில் உரசின. பின் வரிசையில் ஒருத்தி வாய்க்குள் ஏதோ சமன்பாட்டை முணுமுணுத்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

அம்மா விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா இரண்டு வருஷமாக அவன் வீட்டில் இருக்கிறாள். தினமும் ராத்திரி எட்டரைக்கு குழலிக்குப் போன் செய்து, என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பாள். இந்த மூன்று வாரமாகச் செய்யவில்லை. குழலி செய்தால் மருமகள் எடுத்து, "அத்தை படுத்திருக்காங்க அண்ணி" என்கிறாள். படுத்திருக்கிறாள். அவளும் ஆறு பார்த்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகன் எடுத்த படம் என்று டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பார்த்திருப்பாள், தன் புருஷன் கூப்பிட்டதையும் தன் பெண் சத்தத்தைக் கூட்டியதையும். குழலி மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனது அடுத்த அடி வைக்காமல் முரண்டு பிடிக்கும், கிரைண்டருக்குத் திரும்பிப் போய்விடும். இன்று போகவில்லை. வெயில் கார்மேல் ஏறிவிட்டது, அவன் கண்ணாடியை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், நாற்பத்துமூன்று வயது, காதோரம் நரைத்திருந்தது. 'நடுக்கூடம்' தொடரில் அந்த வீட்டில் மகனே கிடையாது. ஒரே மகள். எட்டு எபிசோடையும் அவள் இரண்டு தடவை பார்த்தாள், யாராவது 'தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்கிறார்களா என்று. இல்லை. கட்டைவிரலை அவ்வளவு பெரிதாகக் காட்டியவன், அந்தக் கட்டைவிரலுக்கு இரண்டடி தள்ளிப் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவனைக் காட்டவில்லை. அன்று அவன் வீட்டில் இருந்தான். உதவி இயக்குநர் வேலையிலிருந்து யாரோ துரத்திவிட, முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தான். "என்னக்கா இதப் போய்ப் பாக்குற" என்று நையாண்டி செய்துகொண்டே கண்ணை எடுக்காமல் பார்த்தான். முதல் தடவை அப்பா கூப்பிட்டபோது குழலி எழுந்துவிட்டாள். ஆம், முழங்கால் தரையை விட்டுவிட்டது, கை தரையில் ஊன்றியிருந்தது. அப்போதுதான் அவன் சொன்னான், "விளம்பரம் வரட்டும்க்கா. இப்ப அவ பேசப் போறா." அவள் உட்கார்ந்தாள். கிரைண்டர் இல்லை. எந்த வீட்டிலும் எதுவும் ஓடவில்லை. அப்பா இரண்டாவது தடவை கூப்பிட்டார். விளம்பரம் வந்தபோது கூப்பிடவில்லை. அம்மா கோயிலிலிருந்து ஓடி வந்து, மாரில் அடித்துக்கொண்டு, "யாருடி இருந்தா, யாருடி இருந்தா" என்று கேட்டபோது மூலையில் அவன் நடுங்கிக்கொண்டு நின்றான், இருபத்தேழு வயசு ஆண்பிள்ளை குளிரில் நிற்கிற மாதிரி நின்றான். குழலிதான் சொன்னாள். "நான் மட்டுந்தாம்மா இருந்தேன். தம்பி இப்பதான் வந்தான்." அவள் வாயால், அவள் முதன்முதலாகச் சொன்ன கதை. அதைத்தான் அவன் எடுத்திருக்கிறான், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அவனைக் காப்பாற்ற அவள் கட்டிய வீட்டில் அவளை மட்டும் உட்கார வைத்துப் பூட்டிவிட்டான்.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. தாள்களை வரிசையாக வாங்கி, எண்ணி, ஒப்படைத்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் நன்றாகப் பாவியது. பயம் இல்லை. அவன் இறங்கி ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தான்.

"சாப்பிட்டியாக்கா? ஏதாவது ஹோட்டலுக்குப் போலாமா?"

"முதல்ல அதக் குடு."

இருவரும் உள்ளே உட்கார்ந்ததும் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தான். பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தைக் காட்டினான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"விளம்பரம் வரட்டும்க்கான்னு சொன்னது யாருடா?"

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல வேறொரு முகமாவதைக் குழலி கண் கொட்டாமல் பார்த்தாள். இதற்குத்தான், இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மூன்று வாரம்.

"அக்கா... எனக்கு அது..."

"மறந்துபோச்சுன்னு சொல்லாத."

"மறக்கல." ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் இருந்தது. நீருக்குப் பின்னால் வேறு ஏதோ ஒரு வெளிச்சமும் வந்தது. அது என்ன என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "அக்கா, ரெண்டாவது சீசன்ல இத வைப்போம். ஒரு தம்பி இருந்தான்னு காட்டுவோம். அன்னைக்கு அவனும் அந்தக் கூடத்துலதான் இருந்தான்னு. யாரும் எதிர்பார்க்கமாட்டாங்கக்கா. முதல் சீசனையே திரும்பப் போய்ப் பாப்பாங்க."

குழலிக்குக் கோபம்கூட வரவில்லை. இவனிடம் எதைக் கொடுத்தாலும் எபிசோடாக்கிவிடுவான். கிழித்தால் அது ஒரு காட்சி, அழுதால் அது ஒரு காட்சி, செருப்பைக் கழற்றி அடித்தால் அதுதான் கடைசிக் காட்சி.

"அம்மாவுக்குப் போன் போடு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"நீ சொல்லு. இப்ப, இங்க. ஸ்பீக்கர்ல போடு. சொல்லிட்டு அப்புறம் எந்த சீசன்ல வேணா வச்சுக்க."

"சொல்றேன்கா. நேர்ல சொல்றேன். அவங்களுக்கு பிரஷர் இருக்கு—"

"எனக்கு இல்லையா?"

அவன் போட்டான். இரண்டு முறை அடித்ததும் அம்மாவே எடுத்தாள். அவன் எண்ணுக்கு அவள் படுத்திருப்பதில்லை.

"என்னடா தாயு, போட்டுட்டாளா?"

அவன் போனை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான். குழலி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். உதவ வேண்டும் என்று ஒரு மயிரிழைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதை அறிந்து அவளே கொஞ்சம் அதிர்ந்தாள், கொஞ்சம் மகிழ்ந்தாள்.

"அம்மா... அப்பா போன அன்னைக்கு... நானும் வீட்டுலதாம்மா இருந்தேன்."

சொல்லிவிட்டு, லைன் போய்விட்டதோ என்று அவன் திரையைப் பார்த்தான்.

"தெரியும்டா" என்றாள் அம்மா. "அடுப்பு மேடையில ரெண்டு டம்ளர் இருந்துது, காப்பி குடிச்சது. ஒண்ணுல அடியில சக்கரை. நீதான் கலக்காம குடிப்ப."

அவன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது.

"அவ பொய் சொன்னா, உனக்காக. நானும் கேட்டுக்கிட்டேன். நீ அந்தப் பொய்யையே உண்மைன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்ட. உங்க ரெண்டு பேருல யாரு வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவகிட்ட எதக் கேக்கிறதுன்னு தெரியாமதான் நான் போனே எடுக்கல." அம்மா மூச்சு வாங்கினாள். "அவ பக்கத்துல இருக்காளா? குடு."

போன் குழலியின் கைக்கு வந்தது. சூடாக இருந்தது. "அம்மா" என்றாள்.

"குழலி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு கூப்பிட்டது கேட்டுதாடி?"

பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. கேட்கவில்லை என்பது ஒன்று. கேட்டேன் என்பது இன்னொன்று. இரண்டிலும் அவள் மட்டும்தான் இருந்தாள். பக்கத்தில் அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், பாயில் படுத்திருந்த அதே கண், வேண்டாம் என்று கெஞ்சியது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கேட்டோம்மா."

அம்மா அழுதாள். வெகு நேரம் அழுதாள். இருவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அணைக்கவில்லை. அழுது முடிந்து அம்மாவே வைத்த பிறகு குழலி படிவத்தை மடியிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போடாமலே டேஷ்போர்டில் வைத்தாள், பேனாவை அதன் மேல் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை, கேட்கவும் இல்லை. கதவைத் திறந்து இறங்கினாள். வெயில் மண்டையில் அறைந்தது. பஸ் நிறுத்தத்தில் பரீட்சை முடிந்த பெண்கள் கூட்டமாக நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் நடுவில் போய் நின்றாள், ஒருத்தி முகத்திலும் எத்தனையாவது எபிசோட் என்று கணக்குப் பார்க்கவில்லை.